அஜ்மீரி வாசல் பள்ளி: யார் கொடுத்த பணம், யார் வகுத்த பாடம்

புது தில்லி ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலுக்குச் சற்று அப்பால், ஷாஜகான் கட்டிய நகரின் மதிலில் எஞ்சி நிற்கும் அஜ்மீரி வாசலுக்கு எதிரே, செந்நிற மணற்கல்லால் ஆன ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. நடுவே விரிந்த முற்றமும், அதைச் சுற்றி வளைவுகளுடன் கூடிய அறை வரிசைகளும், மேற்குப் பக்கத்தில் மூன்று குவிமாடங்கள் கொண்ட பள்ளிவாசலும், அதையொட்டிச் சலவைக்கல் பின்னல் திரைகளால் சூழப்பட்ட ஒரு கல்லறையும் கொண்ட இவ்வளாகத்தில்தான் ஆங்கிலோ அரபிக் மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. மொகலாயர் காலத்து மதரசா, கம்பெனி அரசு நடத்திய கல்லூரி, நகராரின் உதவி பெறும் பள்ளி என்று முந்நூறு ஆண்டுகளில் பல உருவங்களை எடுத்த இந்நிறுவனத்தின் வரலாற்றைப் பாடத்திட்டத்தின் வரலாறாக எழுதுவதே வழக்கம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் இதை மூடவிடாமல் காத்தது எது என்று பார்த்தால், கிடைக்கும் விடை பாடத்திட்டம் அன்று. யாரோ ஒருவர் எழுதிவைத்த கொடை. ஆட்சியாளர்கள் அக்கொடையைத் தம் விருப்பம்போலச் செலவிட முயன்றதும், கொடுத்தவரின் நோக்கத்தைச் சொல்லி மற்றவர்கள் அதைத் தடுக்க முயன்றதும்தான் இப்பள்ளியின் உண்மையான கதை.

முதற்கொடையாளர் ஒரு படைத்தலைவர். மீர் ஷிஹாபுத்தீன் என்ற இயற்பெயரும் காஜியுத்தீன் கான் ஃபிரோஸ் ஜங் என்ற பட்டமும் கொண்ட அவர், நடு ஆசியாவிலிருந்து வந்து மொகலாயப் பணியில் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஔரங்கசீப்பின் தக்காணப் போர்களில் முன்னணியில் நின்றவர். கொள்ளைநோயில் கண்பார்வையை இழந்த பின்னும் பதவியில் நீடித்தவர். இவருடைய மகனே ஐதராபாத் நிஜாம் மரபைத் தொடங்கிய முதலாம் ஆசஃப் ஜா. அந்த ஆசஃப் ஜா 1744-இல் ஆர்க்காட்டுக்கு அனுப்பிய அன்வருத்தீனின் மகன்தான் கர்நாடகப் போர்களின் நாயகனும், திருவல்லிக்கேணிப் பெரிய மசூதி இன்றும் யாருடைய பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த வாலாஜா நவாபுமான முகம்மது அலி. ஆகவே தில்லி மதிலுக்கு வெளியே நின்ற இந்த மதரசா, தமிழக வரலாற்றிலிருந்து தோன்றும் அளவுக்குத் தொலைவில் இல்லை.

மதரசா என்பது வெறும் குர்ஆன் ஓதும் இடம் என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது. அரபு இலக்கணம், தருக்கம், சட்டம், கணிதம், யூனானி மருத்துவம் ஆகியவற்றைக் கற்று, அரசுப் பணிக்கும் நீதிமன்றப் பணிக்கும் செல்பவர்களை உருவாக்கிய உயர்கல்விக்கூடம் அது. 1690களில் காஜியுத்தீன் கான் எழுப்பிய இந்த மதரசாவில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் அறைகள் இரண்டு அடுக்குகளாக அமைந்தன. குஜராத்தின் ஆளுநராக இருந்த அவர் 1710-இல் அகமதாபாத்தில் இறந்தபோது, உடல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் தமக்கென முன்பே அமைத்திருந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கொடையாளரின் கல்லறை வளாகத்துக்குள்ளேயே இருந்ததால், பின்னால் வந்த எந்த ஆட்சிக்கும் இக்கட்டடத்தை வெறும் நிலமாகக் கருதுவது எளிதாக இருக்கவில்லை.

மொகலாயப் பேரரசு சுருங்கச் சுருங்க மதரசாவின் வருவாயும் சுருங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது மூடப்படுவதும் நகரத்துச் செல்வர்களின் நன்கொடையால் மீண்டும் திறக்கப்படுவதுமாக இருந்தது. 1803-இல் ஆங்கிலக் கம்பெனியின் படை தில்லியைக் கைப்பற்றியபோது வேறொரு ஆபத்து வந்தது. மதிலுக்கு வெளியே நிற்கும் பெரிய கட்டடம் மராட்டியப் படைக்கு மறைவிடமாகிவிடக்கூடும் என்ற அச்சத்தில் அதை இடித்துவிட எண்ணினார்கள். இறுதியில் இடிக்காமல், அகழியும் கொத்தளமும் அமைத்து அதையும் நகரின் அரணுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

கம்பெனி கல்விக்குச் செலவிட வேண்டும் என்ற கடமை 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தில்தான் முதன்முதலாக எழுதப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனியின் வணிக உரிமையைப் புதுப்பிக்கும்போது விதிக்கும் நிபந்தனைகளின் தொகுப்பே பட்டயச் சட்டம் எனப்பட்டது. அதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அப்பணம் ஏறத்தாழத் தொடப்படாமல் கிடந்து, 1823-இல் கல்கத்தாவில் பொதுக் கல்விக் குழு அமைந்த பிறகே செலவாகத் தொடங்கியது. அக்குழுவுக்காகத் தில்லியின் கல்வி நிலையை ஆராய்ந்த ஜே. எச். டெய்லர், காஜியுத்தீன் மதரசாவில் ஒரே ஒரு மௌல்வியும் ஒன்பது மாணவர்களும் மட்டுமே இருப்பதாக 1824-இல் தெரிவித்தார். அடுத்த ஆண்டே அரசு மானியத்துடன் அங்கு தில்லி கல்லூரி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ, திண்ணைப் பள்ளிகள் எத்தனை, அவற்றில் படிப்போர் எத்தனை பேர் என்று மாவட்டந்தோறும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

தொடக்கத்தில் கற்பிக்கப்பட்டவை அரபும் பாரசீகமும் சமஸ்கிருதமுமே. 1828-இல் ஆங்கில வகுப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. மதமாற்றத்துக்கான முதற்படி இது என்ற ஐயம் முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகிய இரு தரப்பினரிடமும் எழுந்ததால், அவ்வகுப்பு தனி நிறுவனமாகவே நடத்தப்பட்டது. அதில் முதலில் சேர்ந்த சில மாணவர்களில் ஒருவர் மோகன் லால் என்ற காஷ்மீரப் பண்டிதர் வீட்டுப் பிள்ளை. ஆங்கிலமும் பாரசீகமும் ஒருங்கே அறிந்த அவரை 1832-இல் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் தம் புகாரா பயணத்துக்கு மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் சென்றார். ஆங்கில வகுப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு அந்த வேலையைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வகுப்பை ஊக்குவித்தவர்களில் தில்லியில் இளநிலை அதிகாரியாக இருந்த சார்லஸ் டிரெவெலியனும் ஒருவர். பின்னாளில் மெக்காலேயின் தங்கையை மணந்து, இந்தியர்களின் கல்வியைப் பற்றி 1838-இல் தனி நூலே எழுதிய இவர், 1859-இல் சென்னை ஆளுநராக வந்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க் இவர் காலத்தில் உருவானது. கல்கத்தா அரசின் புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததால் ஓராண்டு சற்றுக் கடந்த நிலையில் திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையில் கலகக்காரராகத் தோன்றும் இவர், கல்வியைப் பொறுத்தவரை ஆங்கிலத்தைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லாதவர்.

ஆங்கில வகுப்பு தொடங்கிய மறு ஆண்டில், 1829-இல், இப்பள்ளியின் வரலாற்றில் மிக முக்கியமான கொடை வந்தது. அவத் அரசின் முதலமைச்சராக இருந்த, இதிமாதுத் தௌலா என்ற பட்டம் பெற்ற நவாப் ஃபஸ்ல் அலி கான், அரபு, பாரசீகக் கல்விக்கென்று 1,70,000 ரூபாயைக் கம்பெனி அரசிடம் ஒப்படைத்தார். கல்லூரிக்கு அரசு கொடுத்துவந்ததோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய தொகை. கல்விக் குழு இதைத் தனிக் கணக்காக வைத்து, கொடுத்தவர் விரும்பிய தனிக் கல்விக்கூடத்தை நடத்துவதற்குப் பதிலாகக் கல்லூரியின் பொது வரவோடு சேர்த்துக்கொண்டது. நவாபின் மருமகன் ஹாமித் அலி கான் இதை எதிர்த்துத் தொடர்ந்து முறையிட்டார். அரசுக்குத் தரப்பட்ட அறக்கொடையை அரசே தன் வசதிக்கேற்பத் திசை திருப்பலாமா என்ற இந்தக் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. ஆனால் கோப்புகளில் அது உயிரோடு இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதன் பயன் தெரிந்தது.

அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே செல்ல வேண்டும் என்று வாதிட்ட மெக்காலேயின் 1835-ஆம் ஆண்டுக் குறிப்பும், அதையொட்டி மார்ச் 7-இல் தலைமை ஆளுநர் பெண்டிங்க் பிறப்பித்த ஆணையும் தில்லியில் நேரடியாகத் தாக்கின. கீழைமொழி பயில்வோருக்குக் கொடுத்துவந்த உதவித்தொகை புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டது. உதவித்தொகை என்பது பரிசன்று, ஏழை மாணவர் நகரில் தங்கிப் பல ஆண்டுகள் படிப்பதற்கான உணவுச் செலவு. அது நின்றதும் வகுப்புகள் மெலிந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆக்லண்ட் பிரபு அந்த ஆணையின் கடுமையைத் தணித்து, கீழைமொழிக் கல்விக்கான நிதியை ஓரளவு மீட்டுக் கொடுத்தார். ஆங்கிலமா, கீழைமொழிகளா என்ற வழக்கு கல்கத்தாவில் இரு கட்சிகளுக்கிடையே நடந்தது. தில்லியோ மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது.

அவ்வழியை வகுத்தவர் 1841-இல் முதல்வராகப் பொறுப்பேற்ற ஃபெலிக்ஸ் பூத்ரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர். மேலைநாட்டு அறிவியலைக் கற்பிக்க வேண்டும், ஆனால் மாணவர் வீட்டிலும் தெருவிலும் பேசும் உருதுவில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலப் பிரிவையும் கீழைமொழிப் பிரிவையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்து, இரு பிரிவுகளிலும் கணிதமும் இயற்பியலும் வரலாறும் பொருளியலும் இடம்பெறச் செய்தார். பாடநூல் இல்லாமல் இது நடவாது என்பதால் 1843-இல் தாய்மொழியில் நூல்களைப் பெயர்க்கும் சங்கம் ஒன்று அமைந்தது. ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் சேர்ந்து பெயர்த்தவையும் எழுதியவையுமான நூல்கள் நூற்றுக்கும் அதிகம். வடிவியல் முதல் சட்டம் வரை பரந்த அந்நூல்களுக்குக் கலைச்சொற்களை உருவாக்கும்போது, வழக்கில் சொல் இருந்தால் அதையே கொள்வது, இல்லாவிட்டால் அரபு வேரிலிருந்து புனையாமல் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்ளத் தயங்காமலிருப்பது போன்ற நெறிகளையும் வகுத்துக்கொண்டார்கள். தமிழில் கலைச்சொல் விவாதம் சூடுபிடிக்கும் இருபதாம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே, அதே கேள்விகளைத் தில்லியின் ஆசிரியர்கள் நடைமுறையில் எதிர்கொண்டு முடிவும் கண்டிருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதே 1841-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளியில் உயர்படிப்பு முழுவதும் ஆங்கிலத்தின் வழியாகவே நடந்தது. இரண்டில் எது வென்றது என்பதை இன்றைய பள்ளி விளம்பரப் பலகைகளே சொல்லும். வென்றதால் மட்டும் அது சிறந்த வழி என்றாகிவிடாது.

1845-இல் பூத்ரோஸ் விலக, ஆஸ்திரிய நாட்டு அரபு அறிஞர் அலோய்ஸ் ஸ்ப்ரெங்கர் முதல்வரானார். அவர் காலத்தில் ‘கிரானுஸ் ஸாதைன்’ என்ற வார இதழ் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. இந்த ஆண்டுகளில் கல்லூரி அஜ்மீரி வாசலை விட்டு, காஷ்மீரி வாசல் அருகே இளவரசர் தாரா ஷிகோவின் நூலகம் இருந்த மாளிகைக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்குக் கணிதம் கற்பித்த ராமச்சந்திரர், நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தால் மட்டுமே பெருமம், சிறுமம் காணும் முறையைப் பற்றி எழுதி 1850-இல் கல்கத்தாவில் அச்சிட்ட நூல், இலண்டன் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கனின் கண்ணில் பட்டது. அவருடைய முன்னுரையோடு 1859-இல் இலண்டனில் மறுபதிப்பு வந்தது. இதே ராமச்சந்திரர் 1852-இல் கிறித்தவரானபோது நகரமே கொதித்தது. 1828-இல் எழுந்த பழைய ஐயம் உறுதிப்பட்டதாகப் பலர் கருதித் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள்.

இக்கல்லூரியைப் பற்றிப் பேசும் எவரும் கவிஞர் காலிபின் நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. பாரசீக ஆசிரியர் பணிக்கு அழைக்கப்பட்டுப் பல்லக்கில் வந்த அவர், வழக்கம்போல அரசுச் செயலர் தாமசன் வாசலுக்கு வந்து வரவேற்பார் என்று காத்திருந்தார். வேலை கேட்டு வருபவருக்கு அந்த மரியாதை இல்லை என்று தாமசன் சொன்னதும், இருக்கிற மதிப்பு கூடும் என்றுதான் பணியை எண்ணினேன், குறைவதற்கு அன்று என்று திரும்பிவிட்டார். காலிபின் தன்மானத்துக்குச் சான்றாகவே இது சொல்லப்படுகிறது. அரசவையின் பரிசிலும் நிலமானியமும் பெற்று வாழ்ந்த புலவர்கள், மாதச் சம்பளத்துக்கு வருகைப்பதிவில் கையெழுத்திடும் ஆசிரியர்களாக மாறிய காலத்தின் உரசல் என்றும் அதைப் படிக்கலாம். காலிப் மறுத்த அதே நிலையத்தில் இமாம் பக்ஷ் ஸஹ்பாயி என்ற பாரசீகப் புலவர் பணியாற்றினார். அரபு கற்பித்த மம்லூக் அலி நானோத்தவியிடம் பயின்றவர்களில் முகம்மது காசிம், 1866-இல் தேவ்பந்தில் அரசு மானியத்தை அறவே நாடாமல், பொதுமக்களின் சிறு நன்கொடைகளாலேயே இயங்கும் கல்விக்கூடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆட்சியின் பணம் வந்தால் அதன் பாடமும் வரும் என்பதைத் தில்லியின் அனுபவம் அவர்களுக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

1857 மே 11-இல் மீரட்டிலிருந்து சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தபோது கல்லூரி சூறையாடப்பட்டது, நூலகம் சிதறியது. முதல்வர் பிரான்சிஸ் டெய்லர், ‘தில்லி உருது அக்பார்’ ஆசிரியரும் தம் பழைய நண்பருமான முகம்மது பாகிரின் வீட்டில் ஒளிந்திருந்து, மாறுவேடத்தில் வெளியேறியபோது கொல்லப்பட்டார். செப்டம்பரில் நகரை மீட்ட ஆங்கிலேயர், பாகிரையும் ஸஹ்பாயியையும் கொன்றனர். பாகிரின் மகனும் கல்லூரியின் பழைய மாணவருமான முகம்மது ஹுசைன் ஆசாத் தப்பி ஓடி, லாகூரில் தங்கி, 1880-இல் உருதுக் கவிதையின் முதல் பெரிய வரலாறான ‘ஆபே ஹயாத்’ நூலை எழுதினார். அவருடைய ஒரு சாலை மாணவர்களான நசீர் அகமது உருதுவின் முதல் புதினங்களையும், ஜகாவுல்லா கணித, வரலாற்று நூல்களையும் எழுதினார்கள். கல்லூரி அழிந்தாலும் அதன் பாடநூல் உரைநடை அவர்கள் கையில் இலக்கிய உரைநடையாயிற்று.

தில்லி பஞ்சாபுடன் இணைக்கப்பட்டது. 1864-இல் கல்லூரி மீண்டும் தொடங்கப்பட்டாலும் பஞ்சாப் அரசின் கவனம் லாகூரில்தான் இருந்தது. இரண்டு கல்லூரிகளை நடத்துவது வீண் செலவு என்று முடிவுசெய்து, 1877-இல் தில்லி கல்லூரியை மூடி, வகுப்புகளை லாகூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றியது. கிளர்ச்சி செய்த நகரத்துக்கு உயர்கல்வி எதற்கு என்ற மனப்பான்மையும் அதில் கலந்திருந்தது என்று கருத இடமுண்டு. அந்த வெற்றிடத்தில்தான் கேம்பிரிட்ஜ் பாதிரிமார் 1881-இல் புனித ஸ்டீபன் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

இதிமாதுத் தௌலாவின் 1,70,000 ரூபாயை மட்டும் லாகூருக்குக் கொண்டுபோக இயலவில்லை. தில்லியில் அரபு, பாரசீகக் கல்விக்கென்று கொடுக்கப்பட்டது என்ற பழைய முறையீடு இப்போது கை கொடுத்தது. அந்நிதியின் வருவாயைக் கொண்டு 1872-லேயே ஆங்கிலோ அரபிக் பள்ளி ஏற்பட்டிருந்தது. கல்லூரி மறைய, பள்ளி நின்றது. ஆங்கிலமும் அரசுத் தேர்வுப் பாடங்களும் ஒரு பக்கம், அரபும் பாரசீகமும் மறுபக்கம் என்ற அதன் அமைப்பு, நவாபின் விருப்பத்துக்கும் பெற்றோரின் தேவைக்கும் இடையே எட்டிய உடன்பாடு. 1854-ஆம் ஆண்டு வுட் அறிக்கை, தனியார் குழுக்கள் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு பகுதி மானியம் வழங்கும் முறையை ஏற்படுத்தியிருந்ததும் இத்தகைய அமைப்புக்கு வழிவிட்டது. காலிபின் மாணவரும் கவிஞருமான அல்தாஃப் ஹுசைன் ஹாலி இப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1857-க்குப் பின் காவல் துறையின் கையில் இருந்த காஜியுத்தீன் மதரசாக் கட்டடம் அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பள்ளிக்குக் கிடைத்தது; கல்வி தன் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அதன்பின் வளர்ச்சி விரைவானது. 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டதைத் தொடர்ந்து பள்ளியின் மேலே இடைநிலைக் கல்லூரி வகுப்புகளும் பட்ட வகுப்புகளும் சேர்ந்தன. நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்த லியாகத் அலி கான் 1947-இல் பாகிஸ்தானின் முதல் பிரதமரானார். அந்த ஆண்டு செப்டம்பர்க் கலவரத்தில் வளாகம் தாக்கப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் பெருமளவில் எல்லை கடந்தார்கள். ஜாகிர் ஹுசைன் போன்றோரின் முயற்சியால் கல்லூரி 1948-இல் எல்லாச் சமயத்தாருக்கும் உரியதாக, தில்லி கல்லூரி என்ற பழைய பெயரிலேயே திறக்கப்பட்டது. மிர்சா மஹ்மூத் பேக் அதன் முதல்வராக நெடுங்காலம் உழைத்தார். 1975-இல் ஜாகிர் ஹுசைனின் பெயர் சூட்டப்பட்டு, 1986-இல் ஜவாஹர்லால் நேரு மார்க்கில் புதிய கட்டடத்துக்குச் சென்றது. பள்ளி மட்டும் அஜ்மீரி வாசலிலேயே தங்கியது.

இன்று அதன் நிலை தில்லியின் பிற உதவி பெறும் பள்ளிகளின் நிலையே. 1973-ஆம் ஆண்டுத் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் கீழ், உதவி பெறும் பள்ளி என்றால் ஊதியம் உள்ளிட்ட செலவில் நூற்றுக்கு 95 பங்கை அரசு ஏற்க, எஞ்சிய 5 பங்கையும் கட்டடப் பொறுப்பையும் நிர்வாகக் குழு ஏற்பது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் இதே ஏற்பாட்டில்தான் தமிழைப் பாடமாக வைத்து நடக்கின்றன. தொகை சிறிதாகத் தோன்றினாலும், எந்த மொழியைக் கற்பிப்பது, யாரைத் தலைமையாசிரியராக்குவது என்ற கேள்விகளில் குழுவுக்கு இன்னும் குரல் இருப்பது அந்த 5 பங்கினால்தான். அப்படி ஒரு குழு எடுத்த முடிவால், ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த ஆங்கிலோ அரபிக் பள்ளி 2012-இல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பூத்ரோஸ் முதல் ஹாலி வரை கற்பித்த எவர் வகுப்பிலும் ஒரு மாணவிகூட இருந்ததில்லை. பெண்கல்விக்காகவே கவிதை எழுதிய ஹாலிக்கும், பெண்களுக்காகவே புதினம் எழுதிய நசீர் அகமதுக்கும் அந்த வாய்ப்பு அவர்கள் பள்ளியில் கிட்டவில்லை.